மேரி பக்கத்தில் நில்லுங்க

1

யோசனை எனக்கு ஒரு மேசைக்காலின் அடியில் கிடைத்தது.

புதுச்சேரியில் வெளிநாட்டவர்கள் பதிவு செய்துகொள்ளும் அலுவலகம் அது. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை என்று அவ்வப்போது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். பினாங்கிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருடம் நிறைந்ததை எனக்கு முதலில் நினைவுபடுத்தியது கணவன் அல்ல, இந்த அலுவலகம்தான். அன்றைக்கு வயிற்றில் ஏழு மாதம். இரண்டு கைகளிலும் முழங்கை வரை வளைகாப்பு வளையல்கள். நான் கையை அசைத்தால் ஒரு சின்னக் கோயிலே எழுந்து நடமாடுவது போலச் சத்தம் வந்தது.

எழுத்தர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"பேரு தமிழ்ப் பேரு. பேச்சு தமிழ்ப் பேச்சு. நாடு மலேசியான்னு போட்டிருக்குதே?"

"ஆமா சார். பினாங்கு."

"இந்த ஊரே பிரான்சுக்குப் போறதுக்கு க்யூல நிக்குது. நீங்க இன்னாம்மா, உள்ள வந்துகினு இருக்கீங்க?"

"கல்யாணம் சார்."

"அது சரி." முத்திரையை எடுத்தார், வைத்தார். "தமிழ் நல்லாத்தான் பேசறீங்க."

"நன்றி சார். நீங்களும் நல்லாப் பேசறீங்க."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் முத்திரை விழவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த அரை மணியில்தான் மேசைக்காலைக் கவனித்தேன். மேசை ஆடாமலிருக்க அதன் ஒரு காலுக்கடியில் வழவழப்பான காகிதம் ஒன்றை மடித்துச் செருகியிருந்தார்கள். குனிய முடியாத உடம்பு; தலையை மட்டும் சாய்த்துப் படித்தேன். 'வரலாறு வாழும் கடலோர நகரில் வசிப்பதன் இன்பங்கள்.' ஏதோ விடுதியின் விளம்பரம். தலைப்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்பங்கள் எல்லாம் மேசைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன.

சட்டென்று தோன்றியது: அம்மாவை இந்த ஊரைக் காட்டி மயக்கிவிட்டால் என்ன?

2

ஏன் மயக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். இது பினாங்கிலும் உண்டு, நாங்கள் குடியிருக்கும் சாரம் பகுதியிலும் உண்டு. வளைகாப்புக்கு வந்த அம்மா, கையோடு எனக்கும் சேர்த்துத் திரும்புகிற டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அடுத்த வாரம் விமானம். அதை விட்டால் பிறகு விமானக்காரர்கள் என் வயிற்றைப் பார்த்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். போனாலோ, குழந்தை பிறக்க வேண்டும், அதன் பிறகு அதற்கொரு பாஸ்போர்ட் பிறக்க வேண்டும். முன்னதற்காவது பத்து மாதம் என்று கணக்கிருக்கிறது. எந்த ஊரில் பிறந்தால் எந்த நாட்டுக் காகிதம் கிடைக்கும் என்று கேட்டதற்கு, இரண்டு நாட்டு அலுவலகங்களும் ஒரே குரலில், "அங்கே கேளுங்கள்" என்றன.

என் கணவன் கதிர் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறான். நினைத்தால் லீவு போட்டுப் பினாங்குக்குப் பறக்கிற வேலை அல்ல. அவன் தன் பிள்ளையின் முகத்தை முதலில் ஃபோனில்தான் பார்ப்பான். இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. விரிசல் விட்டிருந்த ஃபோன் கண்ணாடியை மட்டும் ஒருநாள் சாயங்காலம் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தான். நான் போக மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அத்தை, அதாவது என் மாமியார், கெட்டவர் அல்ல. ஆனால் தெருவுக்கு பயந்தவர்.

"நான் போன்னு சொல்லலம்மா. வளையல அடுக்கினப்பறம் பொண்ணு அம்மா வூட்டுக்குப் போவாம இங்கியே குந்திகினு இருந்தா தெருவுல இன்னா பேசுவாங்க? மாமியாக்காரி அனுப்பலன்னுதான பேசுவாங்க?"

"அதைத்தான் லா நானும் சொல்றேன், சம்பந்தி," என்றார் அம்மா, பினாங்கு 'லா'வை விடாமல்.

கல்யாணத்தன்று ரசத்தில் வெல்லம் போடுவதா வேண்டாமா என்பதில் தொடங்கி இன்றுவரை எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு பேர், என்னை ஊரைவிட்டு அனுப்புவதில் மட்டும் ஒரே கட்சி.

அம்மாவுக்கு வேறு ஒரு கோபமும் உண்டு. நான் இங்கே வந்ததே அவருக்கு ஒரு குடும்ப அவமானம். "எங்க தாத்தா கப்பலேறித் தப்பிச்சு வந்தாரு. நீ காசு குடுத்து டிக்கெட் எடுத்துத் திரும்பிப் போயிருக்கே" என்று மூன்று வருடமாக வீடியோ அழைப்பில் சொல்கிறார். ஊர் அவருக்குப் பிடித்துவிட்டால், "சரி, இங்கேயே பெத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். பெண்ணின் அம்மாவே சொன்ன பிறகு தெரு என்ன பேசும்?

திட்டத்தில் ஒரே ஓட்டைதான். அம்மாவும் ஒரு வரலாற்றுக் கடலோர நகரத்துக்காரர். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவரிடம் போய் பழைய சுவரையும் கடல் காற்றையும் விற்கப் பார்க்கிறேன். திருநெல்வேலிக்கே அல்வா.

3

ஆட்டோவில் போய்ப் பெரிய வாய்க்கால் ஓரம் இறங்கினோம். பினாங்கில் இதைப் படிப்பவர்களுக்கு: இந்த வாய்க்கால் ஊரை நீளவாக்கில் இரண்டாக வெட்டுகிறது. கடல் பக்கம் முன்பு வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் தமிழர்கள். இன்றைக்குக் கடல் பக்கம் விடுதிகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் அந்த விடுதிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சுதந்திரம் என்றால் சும்மாவா?

"இது என்னா வாடை?" அம்மா மூக்கைப் பொத்தினார்.

"இதுதான்மா அந்தக் காலத்து எல்லைக்கோடு. அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரங்க, இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க."

"ரெண்டு பேரும் ஒத்துமையா இதுலதான் கொட்டியிருக்காங்க போல."

முதல் இன்பம் அங்கேயே காலி.

மஞ்சள் சுவர்த் தெருவுக்குக் கூட்டிப்போனேன். காகிதப்பூக் கொடி, நீல நிறத்தில் தெருப்பெயர்ப் பலகை, வெள்ளைச் சன்னல். எனக்கு இன்னும் இந்தத் தெருக்களைப் பார்த்தால் ஒரு துள்ளல் வரும்; அதை மறைக்க மாட்டேன். ஆனால் சனிக்கிழமை. மஞ்சள் சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு கல்யாண ஜோடி சாய்ந்துகொண்டிருந்தது. பத்தடிக்கு ஒரு கவுன் தெருவைப் பெருக்கியது.

"ஆண்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க. ஃப்ரேம்ல வர்றீங்க," என்றார் ஒரு கேமராக்காரர்.

"நான் ரோட்டுல வர்றேன் தம்பி. ஃப்ரேம்தான் ரோட்டுக்கு வந்திருக்கு."

அவர் அம்மாவை விட்டுவிட்டு என் வயிற்றையும் வளையலையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், மெட்டர்னிட்டி ஷூட் பண்ணலாமா? இதே சுவர்லயே முடிச்சிடலாம். பேபி வந்தப்பறம் அதுக்கும் தனியா பேக்கேஜ் இருக்கு."

பிறக்கும் முன்பே சுவரில் இடம் பிடித்துவிடும் வாய்ப்பை என் பிள்ளை அன்றைக்கு இழந்தது.

"இன்னாமா, ஊர் எப்படி?" என்று கேட்டேன்.

அம்மா நின்றுவிட்டார். "என்னா சொன்னே?"

"ஊர் எப்படின்னு கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி. இன்னாமாவா? நீயா?"

வெளிநாட்டில் குடியேறியவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு புலம்பல் தவறாமல் வரும்: பிள்ளைகள் பேச்சு மாறிவிட்டது, கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று. எங்கள் வீட்டில் அப்படிப் போன பிள்ளை நான்தான். வந்த புதிதில் எல்லாம் நேர்மாறாக இருந்தது. காலையில் எழுந்ததும் அத்தையிடம் மரியாதையாக, "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று கேட்பேன். நம் ஊரில் காலை விசாரிப்பு அவ்வளவுதானே. அத்தை பதறிப்போய் ஒரு தட்டு இட்லியைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். "பசிச்சா பசிக்குதுன்னு நேரா கேளேம்மா. ஏன் சுத்தி வளைக்கிற?" ஒரு மாதம் தினமும் இப்படியே போனது. மருமகள் வந்த நாளாகப் பசி பசி என்கிறாள், பினாங்கில் சோறே போட்டிருக்க மாட்டார்கள் என்று தெருவில் பேச்சு. அதற்கு பயந்து அந்த வார்த்தையை விட்டேன். விட்ட இடத்தில் 'இன்னா' வந்து உட்கார்ந்துகொண்டது.

4

கர்ப்பிணிகளுக்கு வரலாற்று நகரங்கள் ஏற்றவை அல்ல. எல்லாவற்றையும் பாதுகாத்து வைத்திருப்பார்கள், கழிப்பறையைத் தவிர. கடற்கரைக்கு ஒரு தெரு முன்னால் எனக்கு அவசரம் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த காப்பிக்கடைக்குள் நுழைந்தேன். பழைய வீட்டைக் கடையாக்கியிருந்தார்கள். உயரமான மரத்தூண்கள், பூப்போட்ட தரை, சுவரில் யாருடைய குடும்பம் என்றே தெரியாத குடும்பப் படங்கள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கம்மா. காத்தாட உக்காரலாம்."

"நான் வரலை." அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. தொட்டில் கட்டுகிற கொக்கி. அதில் பிரம்புக் கூடை போட்ட விளக்கு ஒன்று தொங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது.

ஜார்ஜ் டவுனில் எங்கள் வீடு கீழே தையல் கடை, மேலே குடித்தனம், முன்னால் அஞ்சடி அகலக் கூரை போட்ட நடைபாதை. வாடகை வீடுதான், ஆனால் தாத்தா காலத்திலிருந்து. ஊருக்குப் பாரம்பரிய நகரம் என்ற பட்டம் கிடைத்தபோது எங்கள் தெருவிலும் பட்டாசு வெடித்தோம். பாரம்பரியம் என்பது நாங்கள்தான் என்று நினைத்துவிட்டோம். அது சுவராம். சுவரின் மதிப்பு ஏறியது, வாடகையும் ஏறியது, நாங்கள் இறங்கினோம். கடல் தாண்டி, பட்டர்வொர்த்தில் பதினாலாவது மாடி. மருத்துவமனையிலிருந்து என்னைக் கொண்டுவந்து போட்ட மாடி அறையில் இப்போது காப்பி விற்கிறார்கள். என் தொட்டில் கொக்கியில் விளக்கு தொங்குகிறது. அங்கே மெனு அட்டையில் அதைப் பற்றி ஒரு வரிகூட உண்டு: 'அசல் கொக்கி'.

தாய்வீடு, தாய்வீடு என்று என்னை எங்கே கூட்டிப்போகப் போகிறார் என்று நான் அதுவரை யோசிக்கவே இல்லை. அம்மா யோசித்திருக்கிறார் போல.

"நீ போயிட்டு வா. நான் கடல் பக்கம் நடக்கிறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

5

வெளியே வந்து அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"கடல் தெரியுது. ஒரே கல்லா கிடக்கு. மணலைக் காணோம்."

"சரி, மேரி பக்கத்துல நில்லுங்க. வந்துட்டேன்."

"மேரியா? எந்த மேரி?"

"யாரைக் கேட்டாலும் காட்டுவாங்கம்மா. மேரின்னா போதும்."

அதோடு அவருடைய ஃபோன் அணைந்துபோனது. காலையிலிருந்து பட்டர்வொர்த் சிநேகிதிகளுக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தால் எந்த பேட்டரி தாங்கும்?

கடற்கரைச் சாலையில் வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை உண்டு. நகராட்சிக்குப் பிரெஞ்சில் சொல்கிற வார்த்தை அப்படியே அதற்குப் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது: மேரி. மேரிகிட்ட இறக்கி விடு, மேரியாண்ட பார்க்கலாம், மேரிக்கு எதிர்ல நிக்கறேன் என்றுதான் இங்கே எல்லாரும் பேசுவார்கள். நான் மாளிகை முன்னால் போய் நின்றேன். அம்மா இல்லை. வடக்குக் கோடிவரை பார்த்தேன், இல்லை. இருட்டத் தொடங்கியது. மாலையில் அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள் என்பதால், என் ஃபோன் கேட்டுக் கிளம்பிய கதிர் ஸ்கூட்டரை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"மேரிகிட்ட நில்லுங்கன்னு தெளிவாச் சொன்னேன் கதிர். யாரைக் கேட்டாலும் காட்டுவாங்கன்னுகூடச் சொன்னேன்."

கதிர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஷாமி, உங்கம்மாவுக்கு மேரின்னா ஒரு பொம்பள."

அந்த நிமிடம்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் மேரி ஒரு பெண்தான். பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் பெயரே மேரி. இப்போது அவளை நினைத்தாலும் தூண்கள் தெரிகின்றன.

சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவரிடம் ஓடினோம்.

"இன்னா கலர் பொடவ?"

"புடவை இல்ல சார். பேன்ட்டும் சட்டையும்."

"அம்மாதான காணோம்னீங்க?"

அதற்கு மேல் நான் அழுதிருப்பேன். அதற்குள் ஒரு பலூன்காரர் குறுக்கே வந்தார். "பேன்ட்டு போட்ட அம்மாவா? மேரியம்மா எங்க, மேரியம்மா எங்கன்னு கேட்டுகினு போனாங்க. தெக்கால அனுப்பி வெச்சேன். சுண்டல் மேரியத்தான தேடனாங்க?"

அம்மாவின் மரியாதைதான் அவரை அனுப்பி வைத்திருக்கிறது. மேரி என்று மட்டும் கேட்டிருந்தால் மாளிகையைக் காட்டியிருப்பார்கள். யாரோ பெரிய மனுஷி, பெயர் சொல்லிக் கேட்பது முறையல்ல என்று ஓர் 'அம்மா' சேர்த்துக் கேட்டிருக்கிறார். எந்தக் கட்டடத்தை யார் அம்மா என்று கூப்பிடுவார்கள்?

தெற்குக் கோடியில், கல் சுவரின் மேல் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கியதற்கு மிளகாய்ப்பொடி தூவி, வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டும் இருந்தார். பக்கத்தில் சுண்டல் பாத்திரத்தோடு அம்மா வயதில் ஒருவர்.

"இந்தா, வந்துட்டா உம் பொண்ணு," என்றார் அவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு, பெத்தவள என்னாண்ட அனுப்பிட்டு நீ எங்க சுத்திகினு இருந்த?"

"நான் உங்ககிட்ட அனுப்பலயே..."

"நீதானே லா சொன்னே, மேரி பக்கத்துல நில்லுங்கன்னு," என்றார் அம்மா, கத்தியை நிறுத்தாமல். "வந்து நின்னேன். நிக்காத, குந்துன்னாங்க. குந்திட்டேன்."

"நான் சொன்னது அந்தக் கட்டடத்தைம்மா!"

மேரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அதுக்கும் எம் பேருதான். ஆனா அதுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சி வெச்சிருக்காங்க."

அங்கே நடந்ததை இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னதிலிருந்து எழுதுகிறேன். முதலில் அம்மா கேட்டது கல்லைப் பற்றி. கடற்கரை என்றால் மணல் இருக்க வேண்டாமா, ஏன் இத்தனை கருங்கல் என்று. மேரியம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"ஊருக்குள்ள கடல் வரக்கூடாதுன்னு கொட்டனாங்க. வரல. கடலுக்கும் எங்கனா போவணும் இல்ல? வடக்க பிள்ளைச்சாவடிக்கு வந்துச்சி. அங்கதான் எங்க வூடு. மொதல்ல தென்னமரம் போச்சி, அப்பறம் கொல்லப்பக்கம், அப்பறம் அடுப்பங்கர. எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தா அதோட சண்ட போட்டிருப்பாரு. அவரும் இல்ல. சாரத்துல வாடகைக்கு வந்துட்டேன். இங்க வந்து நின்னு எல்லாரும் கடலு அழகா இருக்குதுன்னு போட்டோ புடிக்கறாங்க. எனக்கு அத பாத்தா, எந்தப் பொருள எடுத்துகினு போயி எங்க வெச்சிருக்கன்னு கேக்கத்தான் தோணுது."

"எங்க வீடும் போச்சு," என்றாராம் அம்மா.

"அங்கயும் கடலா?"

"இல்லே. காப்பிக்கடை."

கொக்கி, விளக்கு, மெனு அட்டை எல்லாவற்றையும் அம்மா சொல்லி முடித்ததும் மேரியம்மா சுண்டலை ஒரு கிளறு கிளறினாராம். பிறகு சொன்னாராம்: "அப்ப கடலு தேவலாம்மா. எடுத்த வூட்டுல வெளக்கு மாட்டி, வந்து பாருன்னு கூப்புடல."

இரண்டு பேரும் அதற்குச் சிரித்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் நிறுத்திய பாடில்லை. மூன்று வருடத்தில் அம்மாவை இப்படிச் சிரித்து நான் ஃபோனில்கூடப் பார்த்ததில்லை.

6

இனி நடந்ததெல்லாம் என் திட்டப்படி அல்ல.

மேரியம்மா குடியிருப்பது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டின் சொந்தக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் பிள்ளைகளோடு பிரான்சில் இருக்கிறார். மாடி பூட்டியே கிடக்கிறது. பெருக்கித் துடைப்பதற்காகச் சாவி மேரியம்மாவிடம். மறுநாள் காலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் மாடியைப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். மஞ்சளும் இல்லை, காகிதப்பூவும் இல்லை. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. எந்தக் கேமராக்காரரும் இந்தத் தெருவுக்குள் தப்பித் தவறிக்கூட நுழைய மாட்டார். அம்மா எதையும் பார்க்கவில்லை, தலையை நிமிர்த்திக் கூரையைத்தான் பார்த்தார்.

"கொக்கி இருக்கு. விளக்கு இல்லை," என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையின் முன்னால் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, உங்க மருமகளைத் தாய்வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன்."

"நல்லபடியா போயிட்டு வாங்க. எத்தினி மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பணும்?"

"ஏர்போர்ட் இல்லே. மேரி வீட்டு மாடிக்கு."

அத்தைக்குப் புரிய நேரம் பிடித்தது. "அது வாடக வூடாச்சே. அத எப்பிடி தாய்வூடுன்னு சொல்றது?"

"அங்கேயும் வாடகை வீடுதான். அது பதினாலாவது மாடி, இது ஒண்ணாவது மாடி. பிள்ளைத்தாச்சிக்கு எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

அத்தை யோசித்தார். அவர் கண்ணில் தெருவின் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. வளையல் குலுங்க நான் தெரு வழியே நடந்து போக வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், தட்டில் பூவும் பழமும் இருக்க வேண்டும், பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பேச்சு முடிய வேண்டும். இரண்டு தெருவானால் என்ன, இரண்டு கடலானால் என்ன?

"அப்ப நானும் நெனச்சா வந்து பாத்துக்கலாம்," என்றார் மெல்ல. "காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

"ராத்திரி நான் இருக்கேன்," என்றார் அம்மா.

பிரசவத்துக்கு ஒரு தாயிடமிருந்து தப்பப் பார்த்தவளுக்கு இரண்டு தாய்மார் முறை வைத்துக் காவல். மேரியம்மாவைச் சேர்த்தால் மூன்று. நான் ஆசைப்பட்டதைவிடக் கூடுதலாகவே கிடைத்துவிட்டது. கதிர் புதுக் கண்ணாடி போட்ட ஃபோனை எடுத்து மாடிக் கொக்கியைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, எத்தனை கிலோ தாங்கும் என்று என்னிடம் கேட்டான். பிறக்கப்போவது குழந்தையா குத்துவிளக்கா என்று கேட்டேன்.

அம்மாவுக்கு ஊர் பிடித்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வாய்க்கால் நாத்தம். கடல்ல கால் வைக்க முடியலை. சுவத்துக்கு இருக்கிற மரியாதை ஆளுக்கு இல்லை. அதெல்லாம் நம்ம ஊர்லயே பாத்தாச்சு," என்றார். "மேரி பரவாயில்லை." எந்த மேரி என்று நான் கேட்கவில்லை.

என் டிக்கெட்டைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தால் அது ஃபோனில் இருக்கிறது. தேதி வந்ததும் தானாகவே செத்துப்போகும். அம்மாவின் விசாவும் அப்படித்தான், அதுதான் சிக்கல். அது பிள்ளை பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். நீட்டித்துத் தருவார்களா என்று விசாரித்தால், பார்த்தவர்கள் எல்லாரும் பரிதாபமாகத் தலையாட்டுகிறார்கள். ஆகவே புதன்கிழமை அம்மாவும் நானும் அந்த அலுவலகத்துக்குப் போகிறோம். எந்த எழுத்தரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தடவை அவர் தமிழைப் பாராட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்று கதிர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அம்மா பேசிக்கொள்வாராம். "இன்னா சார், நல்லா இருக்கீங்களா" என்று நேற்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஒரு 'லா' வந்து ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிய்த்தெடுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

எதற்காக இங்கே தங்க வேண்டும் என்று கேட்டால், மேசைக்கு அடியிலிருக்கும் அந்தக் காகிதத்தை உருவி, இதற்காகத்தான் சார் என்று நீட்டுவது என் யோசனை. மேசை ஆடினால் ஆடட்டும்.

உள்ளூரில் யாரைத் தெரியும் என்று கேட்டால் அம்மா மேரி என்று மட்டும் சொல்வார். 'அம்மா' சேர்க்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.